நான் அடைத்துக் கொடுத்த வென்டிலேட்டர்கள்

கீழ்நாட்டில் வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். எங்கள் மலையில் வெயில் வருமா என்று கேட்பார்கள். குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் என் வீட்டுக்குக் கீழே ஒரு போர்ஷன் இருக்கிறது. டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அதை வாடகைக்கு விடுவதுதான் என் உத்தியோகம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் சக வீட்டுக்காரர்களே, நான் சொல்வதில் முதல் கதைக்கு மட்டும் சிரித்துக்கொள்ளுங்கள்.

காளான்

ஏப்ரலில் கோயமுத்தூரிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. இருவருக்கும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டார்கள். மழை மாதத்தில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நான் வாய் திறக்கவில்லை. நீங்களாவது அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி வந்தது. துவைத்த துணி ஒரு வாரமாகியும் காயவில்லை. ஷூவில் பூஞ்சணம் பூத்தது. சுவரின் உச்சியில் இருக்கும் வென்டிலேட்டர் ஓட்டை வழியாக மூடுபனி தாராளமாக உள்ளே வந்து போனது. கார்த்திகை முடிவதற்குள் சாமானை ஏற்றிவிட்டார்கள். போகும்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "ஊடு அருமைங்க அங்கிள். ஆனா இதுல குடியிருக்க நாங்க காளானாப் பொறந்திருக்கோணுங்க."

தனிக் கதவு

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. இனி என் வீட்டில் குளிர் என்று ஒருவர் சொல்லக்கூடாது என்று வைராக்கியம் வைத்தேன். அந்த நேரத்தில்தான் செல்வராசுவும் அவர் மனைவி புஷ்பமும் வந்தார்கள். சிறுபிள்ளைகளாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, எஸ்டேட்டிலேயே வளர்ந்து, அங்கேயே கொழுந்து பறித்துத் தலை நரைத்தவர்கள். ரிட்டயர் ஆனதும், லயம் என்று அவர்கள் சொல்லும், வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மகள் கோத்தகிரியில் ஒற்றை அறையில் இருந்தாள்.

புஷ்பத்துக்கு வீசிங். குளிர் தாங்காது. இரும்புச் சட்டியில் கரி மூட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவர்கள் பழக்கம். சுவர் கறுத்துவிடும் என்று நாலு இடத்தில் வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நான் பெரிய மனது பண்ணி, "தாராளமா மூட்டிக்கங்க" என்றேன். அந்த அம்மா தனிக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "லயத்துல நான் இருமுனா பக்கத்து வூட்டுல இருந்து சுடுதண்ணி வரும் ஐயா. இங்க நான் இருமுனா எனக்கு மட்டுந்தான் கேக்கும் போல."

கச்சிதமான வேலை

குடிவந்த பத்தாம் நாள், மார்கழிக் குளிரில், செல்வராசு தயங்கித் தயங்கி மேலே வந்தார். வென்டிலேட்டர் வழியாகக் காற்று ஊசி மாதிரி இறங்குகிறது, அவளுக்கு இழுப்பு அதிகமாகிறது, ஏதாவது சாக்கு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். என் வீட்டில் சாக்கா! ஃபேக்டரியில் ஒரு துளி சூடு வெளியே போகாமல் தேயிலை உலர்த்தும் டிரையர் கதவுக்கு ரப்பர் வைத்தவன் நான். அன்றைக்கே நாலு வென்டிலேட்டரையும் பலகை அறைந்து, விளிம்பெல்லாம் சிமென்ட் பூசினேன். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டையும் வைத்தேன்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி ருக்மணி, "ஏனுங்க, ஒண்ணையாச்சும் உட்டு வெய்யுங்க" என்றாள். ஃபிட்டருக்கே சொல்லித் தருகிறாயா என்று அவள் வாயை அடைத்தேன். புஷ்பம் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தேத்தண்ணி போட்டு எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தார். "காத்து நொழைய வழியே இல்லாமப் பண்ணிட்டீங்க ஐயா, நீங்க மகராசனா இருக்கணும்."

கரிச் சட்டி

பொங்கல் கழிந்த நாலாம் நாள். பகல் பன்னிரண்டு மணிக்கும் மூடுபனி விலகவில்லை. ரேஷன் கடைக்குப் போய் வந்த செல்வராசு கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம். பிறகு என்னைக் கூப்பிட்டார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினேன். தாழ்ப்பாளை நெம்பித் திறந்தபோது உள்ளே புகையே இல்லை. சட்டியில் கரி அழகாகக் கனன்றுகொண்டிருந்தது. புஷ்பம் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். மூடிய அறையில் கரி எரிந்தால் நிறமும் வாசனையும் இல்லாத விஷக்காற்று சேருமாம். புகை இல்லாததால் ஆளுக்குத் தெரியாதாம். லைன் வீட்டில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் சந்து இருக்கும். அத்தனை வருஷம் அவர்களைக் காப்பாற்றியது அந்தச் சந்துதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், கோபமில்லாமல்தான் கேட்டார்: "ஏங்க, அந்த ரூம்ல காத்துப் போக ஒரு ஓட்டைகூடவா இல்ல?"

சாவி

காரியம் முடிந்து செல்வராசு மகள் வீட்டுக்குக் கிளம்பினார். சாவியைக் கொடுக்க வந்தவரிடம், "நான்தாங்க கொன்னுட்டேன்" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதேன். திட்டட்டும், சட்டையைப் பிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் என் கையை விரித்துச் சாவியை வைத்து மூடினார். "குளுருதுன்னு கேட்டது நான், அடைச்சது நீங்க, கரி மூட்டுனது அவ. இதுல யாரைப் போயி ஏசுறது, சொல்லுங்க ஐயா?"

அன்று சாயங்காலமே நாலு பலகையையும் பெயர்த்தேன். கச்சிதமான வேலை இல்லையா, லேசில் வரவில்லை. இப்போது வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் வென்டிலேட்டரைத்தான் காட்டுகிறேன். குளிர் வரும், அடைத்துத் தர மாட்டேன், உள்ளே கரி மூட்டக்கூடாது என்கிறேன். பாதிப்பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள்.

ஓட்டையைக்கூட அடைத்துத் தராத ஈவிரக்கமில்லாத வீட்டுக்காரன் என்று ஜெகதளா முழுக்க எனக்கு இப்போது பெயர்; அந்தக் கெட்ட பெயரை அந்த மார்கழிக்கு முன்னாலேயே சம்பாதிக்காமல் போனேன்.