மாடிக்கு ஒரு பங்கு

அச்சுப்படியில் பென்சிலை ஓட்டிக்கொண்டே, கண்ணை மட்டும் அடிக்கடி டிவி பக்கம் திருப்புகிறார் சொல்லடைவுக்காரம்மா. டிவியில் படம் ஒன்றும் ஓடவில்லை. அதோடு இணைத்த வீட்டுக் கம்ப்யூட்டர் மூவாயிரத்துச் சொச்சம் சொற்களை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருக்கிறது. தடித்த புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் வருமே, யாரும் நன்றி சொல்லாத அந்தப் பட்டியலைத் தயாரிப்பதுதான் அவர் தொழில். திரையின் அடியில் திடீரென்று ஒரு வரி முளைக்கிறது: "ஜன்னல சாத்து. வெயில் மூஞ்சில அடிக்குது."

மாடியில் படுத்திருக்கும் கணவர் அனுப்பியது. ஏலக்கடையில் முப்பது வருஷம் தொண்டை கிழியக் கூவியவர். பக்கவாதம் குரலையும் வலது கையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. மிச்சம், இடது கையில் ஒரு விரல். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட திரையையும் விசைப்பலகையையும் அம்மா வாங்கிவந்து, மாடிப்படிக் கைப்பிடி ஓரமாகவே ஒயர் இழுத்து, கட்டிலருகே வைத்தார்.

"மூளை கீழதான் இருக்கு. எனக்குக் கொஞ்சம், அவருக்குக் கொஞ்சம்னு மாத்தி மாத்திப் பாக்குது. ஆளுக்கொண்ணு இருக்கற மாதிரி தோணும், அவ்வளவுதான்" என்பார், கேட்பவர்களிடம்.

யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அதில்தான் ஒருமுறை கோட்டை விட்டார். அச்சகத்துக்காரர் நெருக்கியபோது, மாடியின் பங்கைச் சொல்லாமல் கொள்ளாமல் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டார். அம்மாவின் வேலை மளமளவென்று ஓடியது. மாடியிலோ, தட்டிய எழுத்து ஐந்தாறு நொடி கழித்துத்தான் திரைக்கு வந்தது. ஏலக்காரர் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்கவில்லை, தன் தலையைச் சந்தேகித்தார். பக்கவாதம் மறுபடியும் தாக்கிவிட்டது என்று முடிவுகட்டி, விரலை மடக்கிக்கொண்டார். இரண்டு நாள் ஒரு எழுத்துகூட வரவில்லை. மனுஷன் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று அம்மாவும், சோறு ஊட்டும்போதுகூட எதுவும் கேட்காமல், வீம்பாக இருந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் திரையைத் துடைக்கும்போதுதான், தான் குறைத்த பங்கு நினைவுக்கு வந்தது. துணியும் கையுமாக மாடிக்கு ஓடினார். "என் தப்புங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் உங்க பங்கைக் குறைச்சுட்டேன்" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏலக்காரர் நிதானமாகத் தட்டினார்: "ஒரு தரம், ரெண்டு தரம் ஆயிடுச்சு. மூணாவதுக்குள்ள வந்துட்ட."

அன்றிலிருந்து பங்கு சமம். ஆனாலும் பெரிய பட்டியலைக் கம்ப்யூட்டர் டிஸ்கில் எழுதும் நேரத்தில் மாடியின் எழுத்து திணறத்தான் செய்யும்.

இன்று அச்சகத்துக்காரரே நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "மூணு மணிக்கு பைண்டிங் போகணும்மா."

"முடியப்போகுது தம்பி. பத்தே நிமிஷம்."

திரையின் அடியில் எழுத்துகள் வருகின்றன: "வாசல்ல யா". அதோடு நின்றுவிட்டது. அம்மாவின் பென்சிலும் நின்றது. திணறுவது மெஷினா, மனுஷனா? பட்டியலை நிறுத்தும் விசைக்குக் கை போனது.

"நிறுத்திடாதீங்கம்மா, மறுபடி முதல்லேர்ந்து ஓடணுமே!" என்று அச்சகத்துக்காரர் எழுந்தேவிட்டார்.

அம்மா நிறுத்திவிட்டார். பட்டியல் மறைந்தது. மறுநொடி, தேங்கியிருந்த எழுத்தெல்லாம் மடமடவென்று வந்தன: "ரு? அச்சகத்துக்காரரா? வெயில்ல வந்திருப்பாரு, தண்ணி குடு."

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார். செம்பில் தண்ணீர் மொண்டுவந்து அச்சகத்துக்காரர் கையில் கொடுத்தார்.