அம்சம் தள்ளிப்போட்ட நாட்கள்

அம்சத்துக்கு நாற்பத்தெட்டு வயது. திருவாரூர்ப் பக்கத்து நடவுக்காரி. அவள் கூட்டத்தில் பதினோரு பெண்கள். வயலில் ஒதுங்க மறைவு கிடையாது என்பதால், காலையில் அரை டம்ளர் நீராகாரத்தோடு எல்லோரும் தாகத்தையும் வயிற்றையும் சேர்த்தே அடக்கிக்கொள்வார்கள். மலம் இறுகுவதையும் மூலத்தையும் அங்கே யாரும் நோய் என்றே நினைப்பதில்லை.

குறுவை நடவில்தான் அம்சம் முதலில் ரத்தத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நடும் நாகம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

"சூடுக்கா. எனக்கு வராததா? துத்தி இலைய வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டு. டாக்டர்கிட்ட போனா வெரல விட்டுல்ல பாப்பாங்க, போறியா?"

"போடி" என்று சிரித்துவிட்டாள் அம்சம்.

நாகம்மாளுக்குத் துத்தி கேட்டது. இவளுக்குக் கேட்கவில்லை. வெளிக்குப் போய் வந்த பிறகும் போகாதது போலவே இருந்தது. ரவிக்கை தொளதொளத்தது. நடவு முடியட்டும், களை எடுக்கட்டும் என்று தள்ளித் தள்ளி, ஐப்பசித் தாளடி நடவில் சேற்றிலேயே மயங்கி விழுந்தாள். கணவன் ரெத்தினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் மேகலா விரலால் சோதித்துப் பார்க்க அரை நிமிடம்தான் ஆனது. அந்த அரை நிமிடத்துக்குப் பயந்தல்லவா அவள் நான்கு மாதம் ரத்தம் சிந்தினாள்!

"மூலமும் இருக்கும்மா. அதுக்கு மேல கட்டியும் இருக்கு. அப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது."

புற்றுக்கட்டியோடு மலவாயையும் எடுத்துவிட்டு, இடது வயிற்றில் மலம் வெளியேற வழி வைத்துப் பை மாட்டினார்கள். பையைக் கழுவவும் மாற்றவும் நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். அம்சம் ஒன்றைத்தான் கேட்டாள்.

"நடவுக்குப் போலாமுங்களா?"

"குனிஞ்சு செய்யிற வேல வேணாம்மா. பை பக்கத்துல குடல் பிதுங்கிடும்."

அடுத்த குறுவையில், யாரிடமும் சொல்லாமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். நாகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுக்கா."

"நாலு முடி நாத்து நட்டுப் பாக்குறேன்டி."

"வேணாம். ஒரு தடவ என் பேச்சக் கேட்டுத்தான் இப்படி ஆயிட்ட. இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது."

அம்சம் வரப்பேறி உட்கார்ந்தாள். பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் பச்சை நாற்று ஒரு வரிசை கூடிக்கொண்டே போனது.