ஏரம்பு மாஸ்ரரின் செட்டையில்லாத றொக்கற்

கத்தரிக்காயை வாங்குவதற்கு முன் ஏரம்பு மாஸ்ரர் அதைச் சுட்டுவிரலின் மேல் கிடையாக வைத்துப் பார்ப்பார். காம்புப் பக்கம் சாய்ந்தால் விரலைச் சற்று அந்தப் பக்கம் நகர்த்துவார். காய் அசையாமல் நிற்கும் இடம் அகப்பட்டதும் நகத்தால் சின்னதொரு கோடு கீறுவார். பிறகு அதை வைத்துவிட்டு அடுத்த காயை எடுப்பார். மருதனார்மடம் சந்தையில் நகக்கோடு விழுந்த கத்தரிக்காய் கிடந்தால் அன்றைக்கு மாஸ்ரர் வந்துபோய்விட்டார் என்று பொருள். முருங்கைக்காய், புடலங்காய், ஒருமுறை ஒரு கட்டாக் கருவாடு எல்லாம் அந்த விரலில் ஏறி இறங்கியிருக்கின்றன.

"மாஸ்ரர், வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. சேக்கஸ் காட்டுறதெண்டால் அங்காலை கோயில் வீதியிலை போய்க் காட்டுங்கோ" என்பார் மரக்கறி விற்கும் மகாதேவி.

"பிள்ளை, உன்ரை காயின்ரை பாரம் எங்கை நிக்குதெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தராசிலை நிக்குது."

மாஸ்ரர் சிரித்துவிட்டு, கடைசியில் நல்ல காயாக ஒன்றும் வாங்காமல், கண்ணுக்கு வடிவான காயாக நாலைந்து வாங்கிக்கொண்டு உடுவிலுக்குச் சைக்கிளைத் திருப்புவார். அவற்றில் பாதி புழுக் குத்திச் சூத்தையாக இருக்கும். மனைவி பத்மாவதி இதைப் பற்றிப் பேசுவதை விட்டு வெகுகாலம்.

மாஸ்ரர் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து இளைப்பாறியவர். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் காங்கேசன்துறையை விட்டு வெளிக்கிட்டபோது சைக்கிளையும், காற்றடிக்கும் பம்மையும், ஒரு பெட்டி வர்ணச் சோக்கையும் காப்பாற்றிக் கொண்டுவந்தார். காணி உறுதியையும் அரிசியையும் பத்மாவதி கொண்டுவந்தார். இப்படி வேலை பிரித்துச் செய்ததால் குடும்பத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

மாஸ்ரர் றொக்கற் கட்டுகிறார். யாரும் பயப்பட வேண்டாம். போத்தலில் கொஞ்சம் தண்ணீர், வாயில் ஒரு தக்கை, தக்கையின் நடுவே ஒரு சைக்கிள் வால்வு. போத்தலைத் தலைகீழாக நிறுத்திப் பம்மால் காற்றடிக்க வேண்டியதுதான். காற்று பொறுக்க முடியாமற் போகும்போது தக்கை தெறிக்கும். தண்ணீர் கீழே பாய, போத்தல் மேலே பாயும். வடக்குக்குக் கொண்டுவரக்கூடாதென்று அரசாங்கம் தடுத்த சாமான்களின் பட்டியலில் காற்றும் தண்ணீரும் சேர்க்கப்படவில்லை. கொழும்பிலுள்ளவர்களும் மனிதர்கள்தானே, மறதி வரத்தான் செய்யும்.

உலகத்தில் றொக்கற் கட்டுகிற எல்லோரும் அது நேராகப் போவதற்காக அடியில் இறகு மாதிரிச் செட்டை வைக்கிறார்கள். மாஸ்ரர் வைப்பதில்லை. இதற்குப் பின்னால் விஞ்ஞானம் ஏதோ இருக்கிறது என்று நம்பி விசாரித்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

"வடிவில்லை" என்றார். "ஒரு போத்தலைக் கீறேக்கை பென்சிலை எடுக்காமல் ஒரே இழுவையிலை கீறவேணும். செட்டை வைச்சால் அந்த இடத்திலை கோடு விக்கி நிக்குது."

பின்னேரங்களில் பனங்கட்டியோடு தேநீர் குடிக்க வருகிறவர் கதிரவேலர். பௌதிகம் படிப்பித்து இளைப்பாறியவர். இளைப்பாறியது சம்பளத்திலிருந்து மட்டுந்தான். "செட்டை இல்லாட்டில் உது கரணமடிக்கும், ஏரம்பர். காத்துக்கு வடிவு தெரியாது."

"காத்துக்குத்தான் ஐசே வடிவு தெரியும். கடற்கரை மணலிலை அது கீறி வைச்சிருக்கிற கோடுகளை நீர் ஒருநாளும் பாக்கேல்லையோ?"

கதிரவேலர் பனங்கட்டியைக் கடிப்பார்.

தொடக்கத்தில் சேலைன் போத்தல்களில் முயன்றார். அவை மாஸ்ரரின் முகத்துக்கு நேரே வெடித்து, தண்ணீரை அங்கேயே கொட்டின. இந்த வருடம் தை மாதம் சண்டை நின்று பேச்சுவார்த்தை தொடங்க, கொழும்பிலிருந்து பத்மாவதியின் தம்பி கிளாலிக் கடலேரியால் படகேறி வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த தோடம்பழச் சோடா ஒரு பெரிய பிளாஸ்ரிக் போத்தலில் இருந்தது. விழுந்தால் உடையாத, அமத்தினால் வெடிக்காத அப்படியொரு போத்தலை ஒழுங்கையில் யாரும் கண்டதில்லை. சோடாவைக் குடித்தவர்களைவிடப் போத்தலைக் கேட்டவர்கள் அதிகம். பத்மாவதி தேங்காயெண்ணெய் விட்டு வைக்கலாம் என்று அதைக் கழுவிக் கவிழ்த்தார். மாஸ்ரர் அதை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் சண்டை.

முதற்பயணத்தில் போத்தல் தென்னை உயரத்துக்குப் போய், அங்கே நின்று யோசித்து, கரணமடித்து, வேலிக்கு மேலால் பக்கத்து வளவுக்குள் இறங்கிவிட்டது. அங்கே இருப்பவர் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த லூர்த்தம்மா. போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு வேலியடிக்கு வந்தார்.

"மாஸ்ரர், உங்கடை போத்தல் என்ரை சொதிச் சட்டிக்குள்ளை தலை முழுகிப்போட்டு வந்திருக்கு. துவட்டி விடுங்கோ."

அடுத்த பயணத்தில் கிணற்றுக்குள் விழுந்தது. அதற்கு அடுத்ததில் கதிரவேலரின் பசுவைத் துரத்தியது. பசு அன்று பால் தரவில்லை. கதிரவேலர் அதையும் செட்டையின் கணக்கில் எழுதினார்.

கத்தரிக்காய்களும் புடலங்காய்களும் மாஸ்ரருக்கு வழி சொன்னது அதற்குப் பிறகு. பாரம் முன்னுக்கு நின்றால் பின்பக்கம் தானாகப் பின்னாலே வரும், செட்டை எதற்கு? நீளமான பப்பாசி இலைத்தண்டு ஒன்றை முறித்து, தலைகீழாக நிற்கும் போத்தலின் மேல்முனையில் சைக்கிள் ரியூப் வாரால் கட்டினார். தண்டின் நுனியில் ஈரக் களிமண்ணை உருட்டி வைத்தார். விரலில் வைத்தபோது, தண்டும் போத்தலும் சேருமிடத்தில் அது அசையாமல் நின்றது.

"உது மூக்கு நீண்ட நுளம்பு" என்றார் கதிரவேலர்.

"கொக்கு" என்றார் மாஸ்ரர்.

"கொக்குக்குச் செட்டை இருக்கு, ஏரம்பர்."

பத்மாவதிக்குப் பறவையும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம், எண்ணெய்ப் போத்தல்தான் வேண்டும். "இந்த வயசிலை என்ன கண்டறியாத றொக்கற்? ஊர் சிரிக்குது" என்றார். மாஸ்ரர் அன்று வழக்கம்போலப் பகிடி விடவில்லை.

"மேலையிருந்து எங்களுக்கு வந்தது கனக்க, பத்மா. இஞ்சையிருந்தும் ஒண்டு மேலை போகட்டுமன்."

பத்மாவதி சுளகில் இருந்த அரிசியை மறுபடியும் புடைத்தார். பிறகுதான் தீர்ப்புச் சொன்னார். "ஒருக்கா விடுங்கோ. நேரை போனால் போத்தல் உங்களுக்கு. கோணிச்சுதெண்டால் எண்ணைக்கு. பிறகு இந்த வீட்டிலை றொக்கற் எண்டு வாய் திறக்கப்படாது."

பங்குனி வெயில் சற்றுச் சாய்ந்த பின்னேரம், வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டத்தில் அந்த ஒருக்கா நடந்தது. பத்மாவதி நீதிபதி. கதிரவேலர் எதிர்க்கட்சி. லூர்த்தம்மா நட்டஈடு கேட்கக்கூடியவர் என்ற முறையில் வந்திருந்தார். ஒழுங்கைச் சனமும் கொஞ்சம் வரம்பில் நின்றது. நிலத்தில் ஊன்றிய கவர்த்தடிகளுக்கு நடுவே போத்தல் தண்டுக் கழுத்தை உயர்த்திக்கொண்டு நின்றது. பூச்சிமருந்து அடிக்கும் மெசினின் நீளக் குழாயால் பம்மைத் தொடுத்து, மாஸ்ரர் அடிக்கத் தொடங்கினார். அடிக்க அடிக்கப் போத்தல் முனகியது.

தக்கை தெறித்தது. 'டும்' என்றொரு சத்தம், அதன் பின்னே 'சூ' என்றொரு சீறல்.

அவ்வளவுதான். தோட்டத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை. எல்லோரும் நிலத்தோடு நிலமாகக் குப்புறக் கிடந்தார்கள். முழங்கை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து, ஒரு பிழையில்லாமல். குண்டுக்கு விழுந்து படுக்கிற இந்தப் பாடத்தில் எங்கள் சனத்துக்கு யாரும் ரியூசன் கொடுக்கத் தேவையில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது, வானத்தில் காகத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்பது மூளைக்குத் தெரியும். முழங்காலுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

முதுகுகளின் மேல் தூறல் போலத் தண்ணீர் விழுந்தது. பிறகு 'பொத்' என்று ஒன்று.

தலைகள் நிமிர்ந்தன. கவர்த்தடிகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், தண்டு முறிந்து செம்மண்ணில் புதைய, போத்தல் வாயை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

"நேரை போய் நேரை வந்திருக்கு!" என்றார் மாஸ்ரர்.

"வந்தது தெரியுது" என்று வேட்டியைத் தட்டினார் கதிரவேலர். "போனதை ஆர் கண்டது? கரணமடிச்சுப்போட்டு வந்தும் விழுந்திருக்கலாம்."

வரம்பில் நின்ற சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஒருவரும் காணவில்லை.

"நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தனான்" என்றார் லூர்த்தம்மா. "மாதா கண்டிருப்பா."

"அவவைச் சாட்சிக்குக் கூப்பிடேலாது. ஏரம்பர், நீர் கிட்ட நிண்டனீர். நீர் கண்டீரோ?"

ஒரு 'ஓம்' போதும். கதிரவேலரே அதை மறுக்க மாட்டார். சிநேகிதத்துக்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டவர் போலிருந்தது அவருடைய முகம். மாஸ்ரர் வாயைத் திறந்தார். நெற்றியில் ஒட்டியிருந்த செம்மண் மூக்கில் உதிர்ந்தது.

"இல்லை" என்றார். "நானும் குப்புறத்தான் கிடந்தனான். காணாததைக் கண்டதெண்டு என்னெண்டு சொல்லுறது?"

போத்தலைப் பிடுங்கி, முறிந்த தண்டைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் பத்மாவதியிடம் நீட்டினார்.

பத்மாவதி வாங்கினார். சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தார். வீட்டுப் பக்கம் நடந்தார். கிணற்றடிக்கு வந்ததும் நின்றார். வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளிப் போத்தலுக்குள் ஊற்றினார். கிணற்றடிப் பப்பாசியில் நல்ல நேரான தண்டாகப் பார்த்து ஒன்றை முறித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"கட்டுங்கோ" என்றார்.

"திரும்பவும் எல்லாரும் விழுவம், பிள்ளை" என்றார் கதிரவேலர். "உது எங்கடை கையிலை இல்லை."

"விழத்தானே போறம்? அப்ப முதலே விழுந்து கிடப்பம். குப்புறக் கிடவாமல் மல்லாந்து கிடவுங்கோ."

சொல்லிவிட்டு, ஒழுங்கைச் சனம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, சேலையைக் காலோடு இழுத்துச் செருகிக்கொண்டு வெறும் தரையில் மல்லாந்து படுத்தார். லூர்த்தம்மா, "யேசுவே" என்று சிரித்தபடி பக்கத்தில் சரிந்தார். கதிரவேலர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுச் சால்வையை விரித்தார்.

பத்மாவதிக்கு வெயில் கண்ணில் அடித்தது. கண்ணைச் சுருக்கினார், ஆனால் மூடவில்லை. புதுத் தண்டைக் கட்டி நிறுத்திவிட்டுக் குனிந்த மாஸ்ரர் அதைக் கண்டார். பம்மைத் தூக்கிக்கொண்டு குழாய் எட்டுகிற மட்டும் மேற்கே தள்ளிப் போய், தன்னுடைய நிழல் பத்மாவதியின் முகத்தில் விழும்படி நின்று, அடிக்கத் தொடங்கினார்.