கிணற்றில் வந்த கோழி மருந்து

மண் சோதிக்கிற இடத்தில் உதவியாளர் வேலை என்றால் நாள் முழுக்கச் சலிப்பதும் கழுவுவதும்தான். இதே வேலையில் இருப்பவர்களுக்கு என் முதுகைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குலுக்குகிற வேலை

பிள்ளைகள் இருவரும் சம்பாதிக்கப் போன பிறகு, பத்தாவதோடு நின்ற நான் செங்கல்பட்டில் இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். மண்ணோடு, ஆன்டிபயாட்டிக் என்கிற கிருமி மருந்து கரைத்த தண்ணீரைக் குழாயில் ஊற்றி மெஷினில் குலுக்க வேண்டும். மேலே தெளிகிற தண்ணீரில் மருந்து குறைந்திருந்தால் மண் அதைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் வெறும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால், பிடித்ததில் எவ்வளவு விடுகிறது என்று தெரியும்.

நல்ல மருந்தை ஏன் மண்ணில் கொட்டுகிறோம் என்று, இந்த ஆராய்ச்சியை நடத்துகிற மேடத்திடம் கேட்டேவிட்டேன். கோழிக்குக் கொடுக்கிற மருந்து எச்சத்தோடு வெளியே வந்து, எருவாக வயலுக்குப் போகிறது. அங்கே இருக்கிற கிருமிகள் அதற்குப் பழகிவிட்டால், நாளைக்கு நமக்குக் காய்ச்சல் வரும்போது மருந்து வேலை செய்யாது என்று பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். மேடம் சொன்னார்: "நீங்க ஆட்டினது போதும்க்கா, மெஷின் ஆடுறது நின்னு பத்து நிமிஷமாச்சு."

களியும் மணலும்

கருங்குழிக் களிமண் மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை தடவை கழுவினாலும் கொஞ்சமாகத்தான் விடும். திருவிடந்தைக் கடலோர மணலோ பிடிப்பதே குறைவு, அதையும் அடுத்த தண்ணீரிலேயே விட்டுவிடும். என்னோடு பாட்டில் கழுவுகிற வசந்தா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த மணலு எங்கூட்டுக்காரு மாதிரிக்கா. காலைல ஒரு ரகசியம் சொன்னா மதியத்துக்குள்ள தெருவே பேசிக்கினு இருக்கும்."

பரிமளாவின் கிணறு

கருங்குழியில் பரிமளா கீரை போடுகிறவள். வருஷக்கணக்காகக் கோழி எருதான் போடுகிறாள். மருமகளுக்கு ஏழாம் மாசம். வீட்டில் எல்லோருக்கும் குடிதண்ணீர் கீரைப் பாத்தியை ஒட்டிய கிணறுதான். பயந்துபோய் அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொல்லும்படி எங்களிடம் கேட்டாள். மண் எடுக்கப் போனபோது தண்ணீரையும் நானே பாட்டிலில் பிடித்து வந்தேன்.

தண்ணீரில் மருந்து இருந்தது. மண்ணைச் சோதித்தால் நன்றாகப் பிடிக்கிற களிதான். பிறகு கிணற்றுக்கு எப்படிப் போனது என்று மேடத்துக்கே விளங்கவில்லை. பரிமளா கீரை அறுப்பதை நிறுத்திவிட்டாள். மருமகள் அவளிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாளாம். எனக்குப் போன் செய்து சொன்னாள்: "என் கையால மொண்டு குடுத்தேனே யக்கா, அந்தப் புள்ளைக்கு."

கோழிப் படம்

மறுநாள் விடிகாலை முழங்காலில் நின்று, ஆண்டவரே, அந்த வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண் மூடியிருந்தபோது அந்தக் கிணற்றடி அப்படியே தெரிந்தது. நான் தண்ணீர் பிடித்த அன்றைக்குக் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு காலி டப்பாவைக் கொண்டுவந்து, வாயை வெட்டி, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். பாட்டிலையே கயிற்றில் கட்டி இறக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தும், அந்த டப்பாவில்தான் மொண்டேன். டப்பாவின் மேல் கோழிப் படம் இருந்தது. அது மருந்துப் பொடி வந்த டப்பா.

ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, வண்டியை எடுக்கச் சொன்னார். அந்த டப்பாவைக் கிணற்றில் விட்டது அன்று ஒரு நாள்தானாம். கரண்ட் வந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். இந்தத் தடவை புதுப் பாட்டிலையே இறக்கி எடுத்தோம். இரண்டு தடவை சோதித்தும் மருந்து இல்லை. இனி எருவை நன்றாக மக்க வைத்துப் போடும்படியும், மழைக்காலத்துக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்பதாகவும் மேடம் சொன்னார்.

பரிமளாவின் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் மருமகள் உள்ளே போய் ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "மொதல்ல நீ குடி யக்கா, அப்பால நாங்க குடிக்கிறோம்."

குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்: மண்ணை ஆராய்கிற இடத்தில் முதலில் ஆராய வேண்டியது, அதை அள்ளிவரப் போகிற அக்காவைத்தான்.