வெள்ளிக்கிழமை டொல்பின்

கலாநிதி ஹிஸ்புல்லாவுக்குக் கடல் என்றால் ஹோட்டல் யன்னலில் தெரிவதுதான். புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் கடலில் டொல்பின் குரலைக் கணினியே கண்டுபிடிக்கும் என்று சொல்லி வெளிநாட்டு நிதியைக் கறந்துவிட்டார். கணினிக்குக் கற்பிக்கத்தான் அவருக்குத் தெரியாது. அதற்குத்தான் ஸஹ்னா. கற்பிட்டிக் கரையோரப் பள்ளிவாசல்துறை மீனவர் முத்தலிபுவின் மகள். இயந்திரக் கற்றலை முறையாகப் படித்தவள். தட்டுப்பாட்டுக்கால டீசல் வரிசைகள் ஓய்ந்த அடுத்த வருடம், பல்கலைக்கழக ஆய்வு உதவியாளராகத் தற்காலிகமாகச் சேர்ந்தாள். வாப்பாவின் முழங்கால் கடலுக்குப் போக மறுத்துக்கொண்டிருந்தது. மகளின் வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதே வீட்டாரின் துஆ.

நீருக்குள் ஒலியைப் பதிந்து, இது டொல்பின், இது டொல்பின் இல்லாத கடல் என்று கணினிக்குப் பழக்க வேண்டும். டொல்பினை வெள்ளிக்கிழமைதான் பதிய வேண்டும் என்றார் ஹிஸ்புல்லா. ஜும்ஆ நாளில் ஊரார் வள்ளம் இறக்குவதில்லை, என்ஜின் இரைச்சல் இல்லாமல் குரல் சுத்தமாக விழுமாம். வெறுங்கடலை மற்ற நாட்களில் பதிந்தால் போதுமாம். அப்படியே செய்தார்கள். கணினி ஒரு பிழையும் விடவில்லை. ஹிஸ்புல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஸஹ்னாவுக்கு அது நம்பும்படி இல்லை. என்ஜின்களுக்கு நடுவே டொல்பின் கத்திய ஒலியைப் போட்டுப் பார்த்தாள். இல்லை என்றது கணினி. அது டொல்பினைப் படிக்கவே இல்லை, அமைதியைப் படித்திருந்தது.

"சேர், என்ஜின் சத்தம் இல்லாட்டி டொல்பின் எண்டு சொல்லுது. எல்லா நாளும் திரும்பப் பதியோணும்."

"வாற கிழமை நிதி தாற ஆக்கள் வாறாங்க. இப்பப் போய் இந்தக் கதையா? பேசாம இருங்க புள்ள. உங்கட நிரந்தரக் கடிதத்தில நான்தான் கையொப்பம் வைக்கோணும்."

படித்த வாயிலிருந்து சந்தைப் பேரம்! அவளுக்கு அருவருத்தது. ஆனாலும் வாப்பா முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்துப் பேசாமல் இருந்தாள், ஹிஸ்புல்லாவின் அறிக்கையைத் தட்டச்சு செய்யும்வரை. கணினி டொல்பின் என்று சொல்லும் இடமெல்லாம் வலை வீசத் தடை போட வேண்டுமென்று அதில் எழுதியிருந்தார் அந்தப் பெரிய மனிதர்.

கற்பிட்டி ஹோட்டலில் விருந்தாளிகள் கூடினார்கள். கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, புத்தம்புது ஒலி ஒன்றைப் போடச் சொன்னார் ஹிஸ்புல்லா. ஸஹ்னா போட்டாள். திரையில் 'டொல்பின்' என்று பச்சையாக எழுந்தது. கைதட்டல் ஓயவே நேரமெடுத்தது.

"எவ்விடத்தில் பதிந்தது?" என்று ஒருவர் ஆவலாகக் கேட்டார்.

"எங்கட பள்ளி ஹவுழில. தொழ வாற ஆக்கள் கைகால் கழுவி வுழூ செய்யிற தண்ணித் தொட்டி. வாப்பாதான் பதிஞ்சு தந்தார்."

கைதட்டியவர்கள் திரையைத் திரும்பப் பார்த்தார்கள். ஹிஸ்புல்லா தொண்டையைச் செருமினார். "இது மிகச் சுவாரஸ்யமான பெறுபேறு. மேலும் ஆராய வேண்டும். அதற்கு மேலதிக நிதி..." என்று ஆரம்பித்தார். வெட்கத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கி வைக்க அந்த மனிதரிடம் இடமில்லை.

தடைச் சிபாரிசை விருந்தாளிகள் வெட்டிவிட்டார்கள், நிதியை நீட்டினார்கள். அடுத்த மாதம் ஸஹ்னாவின் இடத்துக்கு விளம்பரம் வந்தது: இயந்திரக் கற்றலில் தேர்ச்சி அவசியம், விண்ணப்பிப்பவர் புத்தளம் மாவட்டத்தைச் சேராதவராக இருத்தல் வேண்டும்.