சிவப்பு மையில் ஒரு வரி

எண்பத்தாறாம் வருஷம், ஆனி மாதக் கடைசி. திண்டிவனத்தில் ஒரு டுடோரியலில், பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் கோட்டை விட்டவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மறுபடியும் கோட்டை விட்டார்கள். அதில் என் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்காததால் வேலை நீடித்தது. சாயங்காலமானால் எனக்கிருந்த ஒரே போக்கிடம் கடைத்தெரு வாடகை நூலகம்.

அதை நடத்தியவர் மேல்சித்தாமூர் பக்கத்து ஜைனர். எல்லோருக்கும் அவர் ‘நயினார்’. வயதில் என்னைவிட நாலைந்துதான் மூத்தவர், கோபத்தில் நாற்பது மூத்தவர். பொழுது சாய்ந்தபின் மறுநாள் விடியும்வரை எதுவும் சாப்பிட மாட்டார். அதனால் ஐந்தரைக்கெல்லாம் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

மாத நாவல், காமிக்ஸ், வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் நான் அங்கே கண்டுபிடித்த இலக்கியம் பக்கத்தின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. துப்பறியும் நாவலின் மூன்றாம் பக்கத்திலேயே ‘கொலை பண்ணது டாக்டர்’ என்று ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருப்பார். அதற்குக் கீழே ‘உன்னை யாருடா கேட்டது?’ என்று இன்னொருவர். காமிக்ஸில் குதிரைக்குக்கூட மீசை முளைத்திருக்கும். முகம் தெரியாதவர்கள் பென்சிலால் போட்டுக்கொள்ளும் இந்தச் சண்டையில் நானும் குதித்தேன், பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்புப் பேனாவோடு. நாலு புத்தகம் படித்த திமிர். “நீங்க எழுதறதைப் படிச்சிட்டு ஜனங்க சிரிக்கிறாங்க சார்” என்று நயினார் ஒருமுறை சொன்னார். திட்டத்தான் சொன்னார். நான் அதைப் பரிசாக வாங்கிக்கொண்டேன்.

தொடர்கதைகளின் ஓரத்தில் மட்டும் ஒரு நீல மை எழுத்து வரும். குண்டு குண்டாக, அவசரமில்லாத, பெண் கை என்று பார்த்ததும் தெரிகிற எழுத்து. ஒரு கதையில், ‘காலையிலிருந்து இவள் சாப்பிட்டாளா என்று கதாசிரியர் ஒரு இடத்திலும் கேட்கவில்லை’ என்று இருந்தது. ‘கதாசிரியர் ஓட்டல் நடத்தவில்லை’ என்று எழுதினேன். சில வாரம் கழித்து அதன் கீழே, ‘நடத்தியிருக்கலாம்.’ என் பதிலைப் பார்ப்பதற்காகவே, படித்த புத்தகத்தை அந்த வாசகி மறுபடியும் எடுத்துப் போகிறார் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. படித்ததையே திரும்ப எடுத்துப்போக ஒருவருக்கு எவ்வளவு தனிமை வேண்டும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பிறகு அந்த இரண்டு பாகத் தொடர்கதை வந்தது. முதல் பாகத்தில், இனி வாழ்வதில்லை என்று கதாநாயகி முடிவு செய்யும் அத்தியாயம். பக்கத்தில் நீல மை: ‘நானும் இதைத்தான் செய்யப் போகிறேன். ஆனி முடிவதற்குள்.’

தொடர்கதை படிப்பவர்கள் கொஞ்சம் அப்படித்தான் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். ‘தாராளமாக. புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கிறேன்.’ டுடோரியலில் கணக்கு வாத்தியாரிடம் இதைச் சொல்லிக் காட்டினேன். அவர் டீ புரையேறச் சிரித்தார்.

மூன்று வாரம் போயிற்று. அன்றைக்கு நான் போனபோது மணி ஐந்து இருபது. நயினார் கடைப் பலகைகளை அடுக்கிக்கொண்டே இரண்டாம் பாகத்தை என் கையில் திணித்தார். நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

‘சிவப்பு மைக்காரருக்கு: நீங்கள் சொன்னபடி புத்தகத்தைத் திருப்பிவிட்டேன். நன்றி.’

அந்த ‘நன்றி’யை மறுபடியும் படித்தேன். கேலிக்குக் கேலியாக எழுதியிருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது.

“இது எப்ப வந்துது?”

“மத்தியானம். அந்தம்மாவே குடுத்துச்சு. இனிமே புஸ்தகம் வாணாம்னு கார்டையும் குடுத்துட்டுப் போச்சு. ஏன் சார், பேயறைஞ்சா மாதிரி நிக்கிறீங்க?”

அலமாரியிலிருந்து முதல் பாகத்தையும் எடுத்து, இரண்டையும் விரித்துக் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

“சிவப்பு உங்களுதுதானே?”

“தமாஷுக்கு...”

“தமாஷு” என்று மட்டும் சொல்லிவிட்டு உறுப்பினர் நோட்டைப் புரட்டினார். பாண்டிச்சேரி ரோட்டில், கிளியனூர் விலாசம்.

“நான் போயிப் பாத்துட்டு வந்துடறேன்.”

“போயி? ‘உங்க வூட்டுப் பொம்பளைக்கு ஆறு மாசமா எழுதிக்கினு இருக்கேன்’னு சொல்லுவீங்களா? மரத்துல கட்டிருவாங்க. இருங்க, நானும் வர்றேன்.”

“உங்க சாப்பாடு?”

“ஜல்தி நடங்க சார், பேஜாரு பண்ணாம.”

பாண்டிச்சேரி பஸ் வரவே அரை மணி ஆயிற்று, ஏறியபின் முக்கால் மணி நேரம். கை காட்டியவர்களுக்கெல்லாம் நின்றது அந்த பஸ். ஒருவர் மல்லாட்டைக் கடலை மூட்டையை ஏற்றுவதற்குள் எனக்கு நாலு தடவை வியர்த்தது. எதிரே வந்த பஸ் டிரைவரிடம் எங்கள் டிரைவர் குடும்ப க்ஷேமம் விசாரித்தார். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பயத்தில் பாதிதான் அந்தப் பெண்ணுக்காக. மீதிப் பாதி, போலீஸ் வந்து அந்தச் சிவப்புக் கையெழுத்து யாருடையது என்று கேட்பார்களே என்று. அந்தப் பாதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இறங்கியபோது சூரியன் போய்விட்டிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, நாங்கள் தேடிய வீட்டில் மட்டும் இல்லை. நயினார் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். உள்ளே ஒரு பாத்திரம் நகரும் சத்தம்கூட இல்லை. மூன்றாம் முறை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார்.

தாழ்ப்பாள் விலகியது. முப்பது வயது இருக்கும் ஒரு பெண். இருட்டில் எங்களை உற்றுப் பார்த்தார்.

“லைப்ரரிக்காரரா? புஸ்தகத்துல எதுனா பக்கம் கிழிஞ்சிருந்துதுங்களா?”

“அதெல்லாம் இல்லம்மா” என்றார் நயினார். குரல் லேசாக உடைந்திருந்தது. “வூட்ல யாரும் இல்லியா?”

“கல்யாணத்துக்குப் போயிருக்காங்க.”

“நீ போவலியா? யாருக்குக் கல்யாணம்?”

“எங்க வூட்டுக்காரருக்கு.”

நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். கல்யாணமாகி ஏழு வருஷமாம், குழந்தை இல்லையாம். விடியற்காலை முகூர்த்தமாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

அதற்கு என்ன சொல்வது என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. “சிவப்பு மை நான்தாங்க” என்று உளறினேன். “தெரியாம எழுதிட்டேன். மன்னிச்சிருங்க.”

தலை முதல் கால் வரை பார்த்தார். “நீங்களா? எழுத்துல அவ்ளோ பெரிய ஆளா இருந்தீங்க. நேர்ல இப்பிடி நடுங்கிக்கினு நிக்கிறீங்களே.” பிறகு, “நீங்க எழுதினதுக்காக இல்லீங்க. அது எப்பவோ முடிவு பண்ணது. ஏன்னு ஒருத்தராவது கேப்பாங்களான்னுதான் எழுதிப் பாத்தேன்” என்றார்.

யாரும் என்னை அதற்கு முன்னும் பின்னும் அப்படி அடித்ததில்லை.

நயினார் சட்டென்று, “இந்த ஆளு காத்தாலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலம்மா. எதுனா இருந்தா குடேன்” என்றார். சுத்தப் பொய். மத்தியானம் நான் ஓட்டலில் இரண்டு தடவை சோறு வாங்கியிருந்தேன். அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை என்றார் அந்தப் பெண். தயங்கினார். வாசலில் பசியோடு ஒருவன் நிற்கிறானே என்று உள்ளே போய் விளக்கேற்றி, அடுப்பை மூட்டினார். நயினார் சமையற்கட்டு வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

கேப்பை அடை வந்தது. பசியே இல்லை. ஆனாலும் மூன்று தின்றேன். நாலாவதும் கேட்டேன், அவர் அடுப்படியிலேயே இருக்கட்டும் என்று.

“நீங்க சாப்பிடலீங்களா?” என்று நயினாரைக் கேட்டார்.

“பொழுது சாஞ்சிருச்சே. இனி எனக்கு நாளைக்குத்தாம்மா.”

“அப்ப சாப்பிடாமயா ஓடியாந்தீங்க?”

அந்தப் பெண் தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதார். கணவனின் கல்யாணத்தைச் சொன்னபோது வராத அழுகை. அடை கருகிப் புகைந்தது. யாரும் எடுக்கவில்லை.

அழுது முடித்ததும், வளவனூரில் அண்ணன் இருக்கிறார், அவருக்கு இந்தக் கல்யாணமே தெரியாது என்றார். ஒரு துணிப்பையோடு கிளம்பினார். பாண்டிச்சேரி போய் பஸ் மாறி, அண்ணன் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்பினோம். வழியெல்லாம் நயினார் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து, அந்தப் பெண் வளவனூர்ப் பக்கம் ஒரு பால்வாடியில் வேலை செய்கிறார் என்று நயினார் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

நான் இன்னும் வேடிக்கையாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் விளையாட்டாகச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று பிடிபடாதபோது, நிஜம் என்றே எடுத்துக்கொண்டு ‘ஏன்?’ என்று கேட்டுவிடுகிறேன். அப்படிக் கேட்டுப் பலமுறை அசடு வழிந்திருக்கிறேன், ஒருமுறைகூட அதற்காக வருத்தப்பட்டதில்லை.