படிக்கட்டில் தொங்கிய மௌனம்

பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் சேர்ந்து நின்றாலே என் வாய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நான் நிறுத்தப் போவதில்லை.

செங்கம் ரோட்டில், மலையடிவாரத்து ஆசிரமத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் வீடு. அண்ணன் இறந்த பிறகு அண்ணி கையில் இருக்கிறது. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள் நான். அன்றிலிருந்து அதிகம் பேசியதில்லை. ‘அடக்கமான பொண்ணு’ என்று தெருவே புகழ்ந்தது. மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுவோம். அவர்களுக்குச் சமைப்பதும் அறையைப் பெருக்குவதும் என் வேலை.

இந்தத் தடவை வந்தவர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு பெண் எழுத்தாளர். என் வயதுதான் இருக்கும். சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாதவர் என்பது மட்டும் தெரிந்தது. மற்றவர்கள் மலையைப் பார்த்துக் கண்ணை மூடி உட்காருவார்கள். இவர் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுவார். எழுதியதைத் தன் மொழியில் உரக்கப் படிப்பார். சரியாக வராத வரியை அதட்டுவார். மாவுக் கையோடு படியில் நின்று கேட்பேன். ஒரு சொல்லும் புரியாது. ஆனால் கீழே அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும்.

ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். ரிட்டயர் ஆனவர்.

“மேல என்னம்மா, தினம் சண்டை போடற மாதிரி சத்தம்? ஏதாவது சூனியம் கீனியமா?”

“எழுதறாங்க சார்” என்றார் அண்ணி.

“நான்கூடதான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல காலமெல்லாம் எழுதினேன். என் பேனா ஒரு நாளும் கத்தினதில்லையே!”

சத்தத்தைக் கம்மி பண்ணிக்கச் சொல்லி அண்ணி மாடிக்குப் போய்க் கேட்டார். அவரும் மரியாதைக்குத் தலையாட்டினார். அண்ணிக்கு அது போதவில்லை. எங்கள் பக்கம் பேசா விரதம் இருப்பவர்கள் ‘மௌனம்’ என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது வழக்கம். அவர்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த வழக்கத்தை நம்பி, அண்ணி ஒரு பலகையில் ‘மௌன விரதம்’ என்று தமிழில் எழுதி மாடிப்படி கேட்டில் மாட்டிவிட்டார்.

அதுவரை அவரைக் கண்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கிய பெண்கள் நின்று கும்பிட்டார்கள். பூக்காரம்மா படியில் ஒரு முழம் மல்லி வைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாடியில் உரக்கப் படிப்பது நின்றுபோனது, காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு பாதி அப்படியே திரும்பி வந்தது.

“அக்கா, இதுல என்ன எழுதியிருக்கு?” என்று ஒரு காலையில் எழுத்தாளர் அந்தப் பலகையைக் காட்டி என்னைக் கேட்டார். ‘அக்கா’ மார்க்கெட்டில் கற்றது, மிச்சம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் புரிந்தவரை அவர் சொன்னது இது. அவர் ஊரில் சிப்பாய்கள் பெண்களை அடித்ததை எழுதினார். அவர் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். எந்த மேடையிலும் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஒரே பையோடு வெளியேறினார்.

“அங்கே பேசினால் அடித்தார்கள், இங்கே பேசினால் பயப்படுகிறார்கள். வாயை மூடினால் இரண்டு ஊருக்கும் நான் நல்லவள். இந்த ஊரில் என் மொழி பேச என்னை விட்டால் ஆளில்லை. நானே உரக்கப் படித்தால்தான் அது என் காதில் விழும். காதில் விழாதது கைக்கு வராது. அறை போகட்டும். வாயை விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்தார்.

அண்ணியிடம் ஓடினேன். வாசலில் எதிர்வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். மாடியில் இருப்பவர் கிளம்புகிறார் என்று சொன்னேன்.

“போனா போகட்டும். பௌர்ணமி வருது, கிரிவலத்துக்கு வர்றவங்க ரூமுக்கு அலையறாங்க” என்றார் அண்ணி.

நான் மாடிப்படி கேட்டுக்குப் போய்ப் பலகையின் கயிற்றை அவிழ்த்தேன்.

“ஏய், யாரைக் கேட்டுக் கழட்டறே?”

ஒட்டியிருந்த வாய் திறந்துகொண்டது.

“விரதம்னா அவங்களா இருக்கணும் அண்ணி. நாம மாட்டினா அது வாய்ப்பூட்டு. அவங்க போனா நானும் கரண்டியைக் கீழ வெச்சிடுவேன். பௌர்ணமிக்கு வர்றவங்களுக்கு நீங்களே பொங்கிப் போடுங்க.”

“அட, இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருதே!” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“வரும் சார். இனிமே ஜாஸ்தியாவே வரும்.”

“ரெண்டுக்கும் ஒரே பேய் பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார். காலி பண்ணச் சொல்லவில்லை. படியில் கிடந்த வாடின மல்லியைப் பெருக்கித் தள்ளிவிட்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்ல மேலே போனேன்.

மறுநாள் காலை அவர் உரக்கப் படித்தார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அண்ணி அந்தப் பலகையின் பின்பக்கத்தில் ‘இங்கு வண்டி நிறுத்தாதீர்’ என்று எழுதி வாசலில் மாட்டினார்.